குருவிக்கூட்டுக்கு வந்த சோதனை

முன்முடி எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. சீப்பை நனைத்து இழுத்தால் எழுந்தது. சீப்பை எடுத்தால் நெற்றியில் குப்புற விழுந்தது. கண்ணாடிக்கு முன்னால் இந்தப் பஞ்சாயத்து வெகு நேரமாக நடந்துகொண்டிருந்தது.

"ஏய், இங்க வா! தலைக்குப் போடுற என் க்ரீம் டப்பாவை யாரு வழிச்சது?"

"நான்தான்." சமையலறையிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "நேத்து கதவுக்குப் போட்டேன்."

"எதுக்குப் போட்டே?"

"கதவுக்குங்க. வாசக்கதவு. எண்ணெய் விடுங்க, எண்ணெய் விடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் துருப்பிடிச்சுது. இப்ப போய்த் திறந்து பாருங்க, சத்தமே வராது."

அவர் போய்த் திறந்து பார்த்தார். சத்தமே வரவில்லை. கீல்களில் அவருடைய க்ரீம் பளபளத்தது. விரலால் கொஞ்சம் வழித்துப் பார்த்தார். க்ரீமோடு துருவும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார்.

"போயும் போயும் இன்னைக்கா? இன்னைக்குத்தானே பெரியவர் வர்றாரு!"

"ஐயையோ!" இப்போது மனைவி முழுசாக வெளியே வந்தாள். "நாளைக்குன்னுல்ல நெனச்சேன்!"

பெரியவர் என்பது அவர் வேலை பார்க்கும் ஆண்கள் துணிக்கடையின் முதலாளி. வயதாகிவிட்டதால் வெகு வருஷமாகக் கடைப்பக்கம் வருவதில்லை. இன்று வருவதற்குக் காரணம் இருந்தது. கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் ஒன்றாக்கப் போகிறார்கள். இரண்டு தளத்துக்கும் இரண்டு மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இனி ஒருவர் போதும். யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று பெரியவர் நேரில் வந்து பார்த்துச் சொல்வார். கீழ்த்தளத்து மேற்பார்வையாளர் நம்மவர். இந்த வயதில் வேலை போனால் வேறு எவனும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டான் என்பது அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும், கல்லூரியில் படிக்கிற மகளுக்கும் தெரியும்.

அதற்கும் முன்முடிக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தமே அதுதான்.

கடையில் அவருக்குக் குருவிக்கூட்டார் என்று பெயர். இடது பக்கம் கோடு கிழித்தாற்போல் வகிடு. வலது பக்கம் படிய வாரிய முடி. நெற்றிக்கு மேலே உள்ளங்கையால் தள்ளி, இரண்டு விரலால் சுருட்டி நிறுத்திய ஓர் அலை. அதற்குத்தான் குருவிக்கூடு என்று பெயர். ஒரு காலத்தில் நாலு பேரைப் பார்த்தால் இரண்டு பேர் தலையில் இந்தக் கூடு இருந்தது. பிறகு மற்றவர்கள் காலத்தோடு போய்விட்டார்கள். இவர் போகவில்லை. போகவிடாமல் பிடித்து வைத்தது பெரியவரின் கைத்தடி.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அப்போது அவர் சாதாரண விற்பனை ஆள். ஒருநாள் பொம்மைக்கு டை கட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்புகிறார், வாசலில் பெரியவர். பெரியவர் அப்படியே நின்று, கைத்தடியை நீட்டி, பின்னால் வந்த மேனேஜரிடம் உரக்கச் சொன்னார்: "பாரய்யா! தலைன்னா இப்படி இருக்கணும்! எவன் பார்த்தாலும் உள்ள வருவான். இதை வாசல்லயே நிறுத்து!" சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளே மேனேஜர் அவரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வாசலில் இடம் வேண்டுமென்று அங்கே இருந்த பொம்மையைக்கூடத் தூக்கிச் சாமான் அறையில் போட்டார்கள். பிறகு சம்பளம் ஏறியது, பதவி வந்தது. எல்லாம் அந்தத் தலையால் வந்தது. தலை மாறினால் எல்லாம் போகும் என்று நினைப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஆகவே அவர் தலையைக் காப்பாற்றினார். மல்லாந்து மட்டும் படுத்தார், அதுவும் துண்டைக் கட்டிக்கொண்டு. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார மாட்டார். ஹெல்மெட் கூட்டைக் கலைக்கும் என்று இருந்த ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பேருந்தில் போனார். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே இறங்கியதில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது தோளில் ஏறி உட்கார்ந்து, விழாமல் இருக்க முடியைப் பிடிப்பாள். "முடியைத் தொடாதே" என்று இறக்கிவிடுவார். சொல்லிச் சொல்லி, ஒருநாள் அவள் ஏறுவதையே விட்டுவிட்டாள்.

"எண்ணெய் வெச்சுப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

வைத்தார். முடி இன்னும் பலமாகப் படுத்தது. நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்தபோது அவருக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. காசில்லாத இளமையில் பையன்கள் சோப்பைக் குழைத்துத் தலையில் தடவி அலை நிறுத்துவார்கள். காய்ந்தால் காற்றுக்கும் அசையாது.

குளியல் சோப்பைக் கெட்டியாகக் குழைத்துத் தடவி, சுருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காயும்வரை நின்றார். நின்றது. அலை தானாக நின்றது.

மனைவி கிட்டே வந்து விரலால் தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. தேங்கா சத்தம் கேக்குது."

"தட்டாதே!"

குடையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார். அதன்பிறகு வெகு நேரத்துக்கு அவருக்குச் சந்தோஷம் வாய்க்கவில்லை.

பேருந்தில் ஏறியதும் மழை பிடித்தது. வெளியே பெய்கிற மழைக்கு அவர் பயப்படவில்லை. உள்ளே பெய்கிற மழையை அவர் எதிர்பார்க்கவில்லை. பேருந்தின் கூரையில் ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒவ்வொரு சொட்டாக, வேறு எங்கும் விழாமல், அவர் தலையில் விழுந்தது. நகர இடமில்லை. பக்கத்தில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"ஏங்க, உங்க தலை பொங்குது."

தொட்டுப் பார்த்தார். பொங்கித்தான் இருந்தது. கை நிறைய நுரை. துடைக்கத் துடைக்க அதிகமானது. ஒரு கட்டி நுரை கழன்று முன்னால் நின்றவர் தோளில் உட்கார்ந்தது. சொட்டை நிறுத்தினால்தானே நுரை நிற்கும் என்று அவர் குடையை விரித்தார்.

பேருந்துக்குள், அத்தனை கூட்டத்தில், குடையை விரித்தார்.

"யோவ், கண்ணைக் குத்தாதய்யா!"

"யாருய்யா அது, உள்ள குடை புடிக்கிறது?"

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். குடையைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், வயதைப் பார்த்துக் கோபத்தை அடக்கிக்கொண்டார். "சார், இறங்கிடுங்க. குளிச்சு முடிச்சிட்டு அடுத்த வண்டில வாங்க."

கடைக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். இறங்குகிற அவசரத்தில் குடை பேருந்திலேயே போய்விட்டது. கொட்டுகிற மழையில், கண்ணில் சோப்பு இறங்க, ஒரு கண்ணைத் திறந்துகொண்டு அவர் நடந்தார். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள்.

பின்வாசல் வழியாகக் கடைக்குள் நுழைந்தார். நுழைந்ததும் சாமான் அறை. அங்கே பொம்மையக்கா ஒரு பொம்மைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். கடைப் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை; அவர் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறாள். எப்போதும் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பதால் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "ம்" என்பாள், "ம்ஹூம்" என்பாள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ம்?" என்றாள்.

"ஒண்ணும் கேக்காதீங்கக்கா."

குழாயடியில் தலையைக் கழுவினார். சோப்பு போயிற்று, சோப்போடு எண்ணெய், அலை, வகிடு எல்லாம் போயிற்று. துண்டால் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் குருவிக்கூட்டில் குருவியும் இல்லை, கூடும் இல்லை. ஈர முடி நாலா பக்கமும் தொங்கியது.

வெளியே வந்தபோது மேல்மாடிக்காரர் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். மேல்தளத்து மேற்பார்வையாளர், இவரைவிட வயது குறைவு, ஒட்ட வெட்டிய தலை, புயலடித்தாலும் கவலையில்லை.

"என்ன சார், இன்னைக்குத் தலைக்கு லீவா?"

"காயட்டும்னு விட்டிருக்கேன்," என்றார் இவர், முடிந்த அளவு கம்பீரமாக.

"பதினோரு மணிக்குப் பெரியவர் வர்றாரு. காஞ்சுடுமா?" என்று கேட்டுவிட்டு அவர் விசிலடித்துக்கொண்டே மேலே போனார்.

க்ரீம் எங்கேயும் உடனே கிடைக்காது. இந்தக் காலத்தில் அதை வாங்குகிறவர் இவர் ஒருவர்தான், கடைக்காரன் இவருக்காகவே வரவழைக்கிறான். இடிந்துபோய்த் தையல் பகுதியில் போய் உட்கார்ந்தார். வாங்கிய பேன்ட்டுகளுக்கு நீளம் குறைத்துக் கொடுக்கிற தையல்காரர் அங்கே காலருக்குக் கஞ்சி அடித்துக்கொண்டிருந்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த கஞ்சிப் புட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"சார், காலர் நிக்குதா இல்லையா?"

"நிக்குது."

"துவண்ட துணியை நிக்க வெக்கிற கஞ்சி, துவண்ட முடியை நிக்க வெக்காதா?"

மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்தால் அதன் தரத்தையா சோதிப்பான்? தலையை நீட்டினார். தையல்காரர் தாராளமாக அடித்தார். அலையைச் சுருட்டி நிறுத்தினார்கள். நின்றது, ஆனால் பிசுபிசுவென்று நின்றது. ஓர் ஈ வந்து உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் தவித்தது.

"இஸ்திரி போடாம விட்டா இப்படித்தான் பிசுபிசுக்கும்," என்றார் தையல்காரர். "கஞ்சின்னு இருந்தா இஸ்திரின்னு ஒண்ணு இருக்கணும் சார். ஈரத்துணி மேல போட்டு லேசா ஒரு ஒத்தடம். பட்டுச் சட்டைக்கே நான் அப்படித்தான் போடுறது."

"சுடாதே?"

"என் சர்வீஸ்ல ஒரு துணி கருகியிருக்கா, நீங்களே சொல்லுங்க."

கருகியதில்லைதான். மேஜையில் கன்னத்தை வைத்துப் படுத்தார். தையல்காரர் முன்முடியை நீவி விரித்து, ஈரத்துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ஆவி இதமாக இருந்தது. காலையிலிருந்து பட்ட பாட்டில் அவருக்குக் கண்ணே சொக்கியது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், என் பேன்ட்டு ரெடியா?"

"எது, நீலமா சாம்பலா?"

"நீலம்னுதான் நெனைக்கிறேன்."

"கால் ஒரு இஞ்ச் குறைக்கச் சொன்னீங்களே, அதானே?"

"இல்ல, கூட்டச் சொன்னேன்."

"கூட்டவா? குறைக்கன்னுல்ல குறிச்சு வெச்சிருக்கேன்!"

இந்த வழக்கு எப்படித் தீர்ந்திருக்கும் என்று தெரியாது. வாடிக்கையாளர்தான் மூக்கைச் சுளித்து, "ஏதோ கருகுற வாடை அடிக்குதே, என் பேன்ட்டா?" என்று கேட்டார்.

தையல்காரர் பதறிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். பெட்டியோடு ஈரத்துணி வந்தது. ஈரத்துணியோடு அலையும் வந்தது. பதினெட்டு வருஷம் காற்றுக்கும் மழைக்கும் காட்டாமல் வளர்த்த அலை, பழுப்பு நிறத்தில், துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர் தன் பேன்ட்டைக் கேட்காமலே நழுவினார்.

"துணியா இருந்தா வேற தைச்சே குடுத்துடுவேன் சார்," என்றார் தையல்காரர், அழாத குறையாக.

அவர் கத்தவில்லை, திட்டவில்லை. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகச் சலூனுக்கு ஓடினார். ஓடும்போது, இனி ஓடி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. ஆனாலும் கால் ஓடியது.

முடிதிருத்துபவர் கைக்குட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இந்தக் கிராப்பை இத்தனை காலம் வெட்டி, ஒதுக்கி, கிருதாவைச் சமன் செய்து காத்தவர் அவர்.

"யாரு சார் இந்தப் பாவத்தைச் செஞ்சது?"

"அதை விடுங்க. பெரியவர் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

"மிச்சத்தை வெச்சுச் சமாளிப்போம். கருகின இடம் தெரியாம இந்தப் பக்கம் கொஞ்சம் எடுக்கறேன்."

எடுத்தார். இந்தப் பக்கம் எடுத்ததில் அந்தப் பக்கம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் எடுத்தார். இப்போது இந்தப் பக்கம் கூடுதல். பூனைகளுக்குக் குரங்கு பங்கு பிரித்த கதையாக, மாறி மாறி இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வகிடு எடுப்பதற்குப் பக்கம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆங்காங்கே மூன்று திட்டுகள் இருந்தன.

முடிதிருத்துபவர் கத்தரியைக் கீழே வைத்தார். "சார், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. முழுசா எடுத்துட்டா ஒரு கம்பீரம் இருக்கும்."

"யாருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பொதுவாச் சொன்னேன் சார்."

"எடுங்க," என்றார் இவர்.

முழுசாக எடுத்தபின் கண்ணாடியில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். காது பெரிதாக, நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியாமல், பயந்த முகத்தோடு ஒருவர். அவருக்கு அழுகை வந்தது. வேலை போவதற்காக மட்டும் இல்லை. அந்த வழுவழுப்பான தலையைத் தடவியபோது, இனி இதை யார் பிடித்தாலும் கலைய ஒன்றுமில்லை என்று தோன்றியது; தோளில் ஏறிப் பிடிக்கிற வயதில் இப்போது மகள் இல்லை என்றும் தோன்றியது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"தலை போச்சு," என்றார்.

"ஐயோ! எங்க அடிபட்டுச்சு? எந்த ஆஸ்பத்திரி?"

"அடியெல்லாம் இல்ல. முடி போச்சு. மொட்டை. வேலையும் போயிடும்."

"முடிதானே போச்சு? நான் வேற என்னவோன்னு பயந்தே போயிட்டேன். நான்தானே டப்பாவை வழிச்சேன், என்மேலதான் தப்பு. வேலை போனாப் போகட்டும், நானும் ஏதாவது பாக்கறேன். நீங்க பேசாம வீட்டுக்கு வாங்க. மொட்டைத் தலையோட வந்தாலும் கதவு சத்தம் போடாதுங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார். பெரியவர் முன்னால் இந்தத் தலையோடு நின்று, 'யாரய்யா நீ?' என்று கேட்கவைப்பதைவிட அது மேல்.

பின்வாசலில் நுழைந்தவர் நேராகப் பொம்மையக்காவின் முன்னால் போய் நின்றார். அவள் அவர் தலையைப் பார்த்தாள். ஊசி கவ்விய வாய் அப்படியே திறந்தது. ஒரு குண்டூசி கீழே விழுந்தது.

"போயிட்டு வரேன்கா. இத்தனை நாள் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

"ம்ஹூம்," என்றாள் அவள். டப்பாவை எடுக்கப் போன கையைப் பிடித்து இழுத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். மூலையில் கிடந்த உடைந்த கைகால்களையும் கழுத்துகளையும் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். தூசியைத் தட்டினாள். உள்ளே காகிதத்தில் சுற்றி ஒரு டோப்பா இருந்தது.

இடது பக்கம் கோடு கிழித்தாற்போல் வகிடு. வலது பக்கம் படிய வாரிய முடி. நெற்றிக்கு மேலே அந்த அலை.

"அக்கா! இது என் தலை அக்கா! என் தலையைப் பார்த்துப் பொம்மைக்கு டோப்பா செஞ்சாங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே! எப்பச் செஞ்சாங்க?"

"ம்ம்," என்றாள் பொம்மையக்கா. வாயில் நிறையக் குண்டூசி. டோப்பாவை அவர் தலையில் வைத்து அழுத்தி, காதுக்குப் பின்னால் எதையோ செருகி, கன்னத்தைத் தட்டி, வாசல் பக்கம் தள்ளிவிட்டாள்.

பதினோரு மணிக்குப் பெரியவரின் கார் வந்தது.

வாசலுக்கு ஒரு பக்கம் மேல்மாடிக்காரர் புதுக் கோட்டில் நின்றார். மறுபக்கம் குருவிக்கூட்டார் நின்றார், தலையைத் திருப்பாமல், கண்ணை இமைக்காமல், மூச்சைக்கூட அளவாக விட்டுக்கொண்டு. குனிந்தால் வழுக்கும் என்று வணக்கத்தை மட்டும் கையால் வைத்தார். சற்றுத் தள்ளி, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மையோடு பொம்மையாகப் பொம்மையக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் மெலிந்துபோயிருந்தார். தடித்த கண்ணாடி, அதே கைத்தடி. மேல்மாடிக்காரர் குனிந்து வணங்கியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மேனேஜர் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். திடீரென்று பெரியவர் நின்றார். கைத்தடி மெதுவாக மேலே எழுந்தது.

"இதோ!" குரல் மட்டும் இளைக்கவில்லை. "இதைத்தான்யா சொன்னேன் அன்னைக்கு! எத்தனை வருஷம் ஆச்சு! ஒரு முடியாவது மாறியிருக்கா பாருங்க. அதே வகிடு. அதே சுருள்."

"ஆமாங்க ஐயா, அப்படியே வெச்சிருக்காரு," என்றார் மேனேஜர்.

பெரியவர் கிட்டே வந்தார். வெகு கிட்டே வந்தார். குருவிக்கூட்டாருக்கு வியர்த்தது, நெற்றியில் டோப்பா மெல்ல நகர்வது தெரிந்தது. பெரியவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"முகம்தான் கொஞ்சம் உப்பிப்போச்சு," என்றார். "பரவாயில்ல. தலை அப்படியே இருக்கு. இதை வாசலைவிட்டு எங்கயும் நகர்த்தாதீங்க. அந்த இன்னொருத்தரை வேற கிளைக்கு அனுப்பிடுங்க, அங்க ஆள் கேட்டுட்டு இருக்காங்க."

ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கார் போயிற்று. மேல்மாடிக்காரர், "ஒரு தலைக்கு இவ்வளவு மரியாதையா சார்?" என்று கை கொடுத்துவிட்டு, தன் ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டே மாடிக்குப் போனார்.

குருவிக்கூட்டார் சாமான் அறைக்கு ஓடினார். கதவைச் சாத்தினார். டோப்பாவைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். பின்னாலேயே பொம்மையக்காவும் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பாத்தீங்களாக்கா? பாத்தீங்களா?" என்றார் அவர். "ஒரு முடி மாறலைன்னு சொன்னாரே, கேட்டீங்களா? பதினெட்டு வருஷம் ஒரு நாள் நான் ஒருக்களிச்சுப் படுத்ததில்ல. மழைல நனைஞ்சதில்ல. என் குழந்தையைத் தலையைத் தொட விட்டதில்ல. எதுக்குடா இதெல்லாம்னு இன்னைக்கு சலூன்ல உக்காந்து அழுதேன். வீண் போகலக்கா. அன்னைக்கு அத்தனை பேருக்கு நடுவுல அவர் என்னைக் காட்டினாரே, அதுக்கு இதெல்லாம் தகும். என் தலையைப் பார்த்து இதைச் செஞ்சவன் நல்லா இருக்கணும். முடி வளர்ற வரைக்கும் இதை நானே வெச்சுக்கட்டுமா?"

பொம்மையக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். கடைசி ஊசியும் போனபின், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் முழுசாகப் பேசினாள்.

"தாராளமா வெச்சுக்குங்க சார், ஆனா இதை யாரும் உங்க தலையைப் பார்த்துச் செய்யல, நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இது வாசல் பொம்மை தலையில இருந்துச்சு, அன்னைக்குப் பெரியவர் தடியை நீட்டினதும் இந்த டோப்பாவைப் பார்த்துத்தான், நீங்க குறுக்க நின்னுட்டிருந்தீங்க."